நோய் தீர்க்கும் கண்ணகை அம்மன்

வைகாசி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒரு புதிய உணர்ச்சி உண்டாகின்றது. ஆண்டு முழுவதும் அடைத்துக் கிடந்த கண்ணகை அம்மன் கோயில்களின் கதவுகள் திறக்கின்றன. செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு, வந்தாறுமூலை, முதலைக்குடா, தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என ஊர்கள் தோறும் உடுக்கு ஒலிக்கின்றது, வழக்குரை பாடப்படுகின்றது. தொழில் தேடித் தூர தேசம் சென்ற பிள்ளைகளும் அந்நாட்களில் ஊர் வந்து சேர முயல்கின்றார்கள்.

இவ்வளவு அன்புக்கும் உரியவளான இத்தேவி யார்? மதுரையை எரித்தவள். எரித்தவளை நோய் தீர்ப்பவளாக எம் முன்னோர் வணங்கியது ஏன் என்பதையே இக்கட்டுரையிலே சிறிது ஆராய விரும்புகின்றோம்.

விடை தேடுவோர் முதலிற் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையைக் காணல் வேண்டும். கோவலன் நீதியின்றிக் கொல்லப்பட்ட பின்னர் பாண்டி நாட்டிலே மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் 'குரு' என்னும் கொப்புள நோயும் தொடர்ந்தன என்று அது கூறுகின்றது. எனவே கண்ணகிக்கும் அம்மை நோய்க்கும் உள்ள தொடர்பு பிற்காலத்துக் கற்பனை அன்று. காப்பியத்தின் வாயிலிலேயே அது நிற்கின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி செய்தான். பின்னர் மழை பெய்து நோய் நீங்கியது என்பதும் அங்கேயே உண்டு. இலங்கைக் கயவாகு மன்னன் தேவிக்குக் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்ற செய்தியும் அதனை அடுத்தே வருகின்றது.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொற்கையிலே குருதியால் நடந்த சாந்தி எமது நாட்டிலே குளிர்ந்த நீரால் நடக்கின்றது. அதுவே குளிர்த்தி. கல்யாணக்கால் நட்டு, நெற் குற்றி, பொங்கலிட்டு, வைகாசிப் பூரணையை ஒட்டிய நாட்களில் இச்சடங்கு நிறைவெய்தும். கட்டாடியார் என்றும் கப்புகனார் என்றும் அழைக்கப்படும் பூசகர், குளிர்த்திப் பாடல் ஒலிக்க, வேப்பிலை கொண்டு நீரைத் தெளிப்பர். அநீதி கண்டு கொதித்த ஒரு பெண்ணின் நெஞ்சை ஆற்றுதலே இதன் கருத்து. அவள் நெஞ்சு குளிர்ந்தால் நாடு குளிரும். நாடு குளிர்ந்தால் நோய் அகலும். ஏட்டிலே வாழ்ந்த கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968ஆம் ஆண்டில் அச்சேற்றி எமக்குப் பேருபகாரம் செய்தார்கள். சிங்கள மக்களும் இத்தேவியைப் பத்தினித் தெய்யோ எனப் போற்றி, நோய் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டுகின்றனர். எமது கொம்புமுறி விளையாட்டை ஒத்த அங்கெலிய அவர்களிடத்தும் உண்டு.

இனி வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். கொப்பளிப்பானோ சின்னமுத்தோ கண்டால் எம் தாய்மார் நோயின் பெயரைச் சொல்லார். 'அம்மாள் வந்திருக்கிறா' என்பர். வாசலிலே வேப்பிலை தொங்கும். வீட்டிலே தாளிதமும் பொரியலும் இராது. அயலார் உள்ளே வாரார். நோயுற்ற பிள்ளையை எவரும் கடிந்து பேசார். நோயாளியை அருவருத்து ஒதுக்காது, தேவி தங்கிய இடமாகக் கருதிப் பேணிய பண்பு இது. தொற்றும் தடைப்பட்டது; நோயாளியின் மானமும் காக்கப்பட்டது.

கடல் பல கடந்த கியூபாத் தீவிலும் இதற்கு நிகரான ஒரு பக்தியைக் காண்கின்றோம். ஆபிரிக்காவின் யொருபா மக்கள் அடிமைகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டபோது, வைசூரியைத் தருபவரும் தீர்ப்பவருமான தம் தெய்வத்தையும் நெஞ்சிலே கொண்டு சென்றனர். அத்தெய்வத்தின் உண்மைப் பெயரை உரக்கச் சொல்ல அஞ்சிப் 'பாபலு ஆயே' என்றனர். உலகுக்குத் தந்தை என்னும் கருத்துடைய பெயர் அது. ஊன்றுகோலும் நாய்களும் துணையாகப் புண்பட்ட உடலோடு நிற்கும் புனித லாசருவின் உருவத்திலே அவர்கள் அத்தெய்வத்தைக் கண்டு வணங்கினர். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 17ஆம் நாள் ஹவானாவுக்கு அணித்தான எல் றின்கோன் ஆலயத்துக்கு மக்கள் திரள்கின்றனர். முழந்தாளிட்டே செல்வோரும் பலர். அவ்வாலயத்தின் அருகிலே இருப்பது தொழுநோயாளருக்கென எழுந்த மருத்துவமனையாகும்.

இதனைக் கேட்கும்போது எமது நெஞ்சிலே ஒரு முள் தைக்கின்றது. எமது வாவியின் நடுவிலும் மாந்தீவு என்றொரு சிறு தீவு உண்டு. பிரித்தானியர் காலத்திலே அங்கே தொழுநோயாளருக்கு ஆஸ்பத்திரி அமைக்கப்பட்டது. நோய் தணிந்த பின்னரும் ஏற்பார் இன்றி அங்கேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் இருந்தனர். அம்மை கண்டவரை அம்மாளாகவே பேணிய நாம், தொழுநோய் கண்டவரை நீருக்கு அப்பால் நிறுத்தி மறந்தோம். ஒருவருக்குக் காட்டிய குளிர்ச்சியை மற்றவருக்கு ஏன் காட்டவில்லை? தேவியின் முன் நின்று இதற்கு விடை சொல்ல வல்லோமா?

வைசூரி இன்று உலகில் இல்லை. இலங்கையிலே 1802ஆம் ஆண்டு தொடங்கிய அம்மைப்பால் குத்துதல் போன்ற முயற்சிகள் உலகெங்கும் தொடர்ந்து, 1980ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததென அறிவித்தது. தொழுநோயும் மருந்தால் முற்றாகத் தீர்வது. ஆகவே அம்மாளின் பெயரைச் சொல்லி வைத்தியரை நாடாதிருத்தல் பக்தி ஆகாது, அறியாமையே ஆகும். அவ்வாறாயின் குளிர்த்தி எதற்கு என்று இளைஞர் சிலர் வினவலாம். மருந்து நோயைத் தீர்க்கும். நோயாளியை ஒதுக்கும் மனத்தின் வெப்பத்தைத் தீர்ப்பது எது? 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, நோயுற்றவரைக் குற்றவாளியைப் போல் நோக்கிய கண்களை நாமே கண்டோம் அல்லவா?

ஆதலின் இளைஞர்காள், வரும் வைகாசியிலே குளிர்த்தி நீர் உங்கள் தலையிலே விழும்போது ஒரு சங்கற்பம் செய்துகொள்ளுங்கள். நோயுற்ற அயலவன் வீட்டு வாசலிலே மருந்தோடும் உணவோடும் இனிய சொல்லோடும் நில்லுங்கள். அங்கே வாடும் ஓர் உள்ளம் குளிருமாயின் அம்மனின் உள்ளமும் குளிரும். அவள் அருளால் நாடு நலம் பெறுக! மாரி வழாது பொழிக!