கொழும்பு மாநகர சபையும் நகரச் சுகாதாரமும்

1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் தோற்றம்பெற்ற கொழும்பு மாநகர சபையின் தொடக்க கால வரலாற்றில் குடிநீர் வழங்கலே பெருஞ்சாதனையாகக் கொள்ளத்தக்கது. 1886இல் நிறைவுற்ற லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்வழி நன்னீர் இத்துறைமுக நகரை அடைந்தது. ஆயின், நகருக்குள் வந்த நீர் கழிவாக வெளியேறுதற்கு உடனடியாக வழி வகுக்கப்பட்டதா? நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்களை அமைக்கும் பணி 1906ஆம் ஆண்டளவிலேயே தொடங்கிற்று. அதன் பின்னரும் குழாய்கள் எட்டாத குடியிருப்புகளில் வாளி மலகூடங்கள் நீடித்தன. அவ்வாளிகளைச் சுமந்தோரிற் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த, சாதியால் ஒடுக்கப்பட்ட தொழிலாளராவர். ஒரு திட்டத்துக்கும் மறுதிட்டத்துக்கும் இடையே ஏற்பட்ட இருபதாண்டுத் தாமதத்தின் சுமை இவர்களது தலைகளிலேயே ஏற்றப்பட்டது. நீர்த்தேக்கத்தை அமைத்த பொறியியலாளரைப் போற்றும் நகர வரலாறு, இத்தொழிலாளருக்கும் உரிய இடத்தை அளித்தல் வேண்டும்.