மாறுவேடத்தில் ஒரு மங்கை



நாடகம் என்றாலே வேடம்தான். வேடத்துக்குள்ளே இன்னொரு வேடம் போட்டால் எப்படி இருக்கும்? ஆங்கில நாடகப் பேராசான் ஷேக்ஸ்பியர் 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நகைச்சுவை நாடகத்திலே அதைத்தான் செய்து காட்டினார்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள். வயோலா என்னும் மங்கை, கப்பல் உடைந்து இலிரியா நாட்டுக் கரையில் ஒதுங்குகிறாள். தன்னோடு இரட்டையாகப் பிறந்த செபாஸ்டியன் கடலில் மாண்டான் என்றே நினைக்கிறாள். அந்நிய மண்ணில் தன்னந்தனியாக ஒரு பெண் என்ன செய்வாள்? ஆண் வேடம் பூண்டு, சிசாரியோ என்ற பெயரில் ஒர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேருகிறாள். பிரபுவோ ஒலிவியா என்னும் சீமாட்டி மேல் மையல் கொண்டவர். இவளையே தூது அனுப்புகிறார். போன இடத்தில் ஒலிவியா, தூது வந்த 'பையன்' மேலேயே ஆசை வைத்துவிடுகிறாள்! வயோலாவின் மனமோ பிரபுவிடம். சிக்கலைப் பார்த்தீர்களா? கடைசியில் செபாஸ்டியன் உயிரோடு வந்து சேர, முடிச்சு அவிழ்கிறது.

1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்நாடகம் நடந்தது. ஜான் மேனிங்காம் என்ற சட்ட மாணவர் அதைப் பார்த்துவிட்டுத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எஜமானி தன்னைக் காதலிப்பதாகப் பொய்க் கடிதத்தை நம்பி ஏமாறும் காரியஸ்தன் கதையை அவர் மிகவும் ரசித்தார். அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது.

ஆனால், அன்றைய மேடையிலே ஒரு பெண்கூட இல்லை! இங்கிலாந்தின் தொழில்முறை நாடகங்களில் பெண்கள் நடிக்கும் வழக்கம் அப்போது கிடையாது. குரல் உடையாத பையன்களே பெண் வேடம் போட்டார்கள். ஆக, ஒரு பையன் பெண்ணாகி, அந்தப் பெண் மறுபடியும் பையனாகிறாள். சபையோர் அதைத் தெரிந்தேதான் ரசித்தார்கள்.

சிரிப்போடு கொஞ்சம் சிந்திப்போம். தங்கை ஒருத்தி காதலை வெளியே சொல்லாமலே வாடினாள் என்று வயோலா பிரபுவிடம் கதைபோலச் சொல்கிறாள். அது அவளுடைய சொந்தக் கதைதான். ஒரு பெண்ணின் மனம் பேசுவதற்கு ஆண் உடை தேவைப்பட்டது. அதைப் பேசவும் மேடையில் ஒரு பையன் தேவைப்பட்டான்!

1642இல் நாடாளுமன்றம் நாடக மேடைகளை மூடியது. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணைக்குத் திரும்பிய பிறகே பெண்கள் தொழில்முறை மேடை ஏறினார்கள். பெண் வேடங்களைப் பெண்களே ஏற்கலாம் என்று 1662இல் அரச ஆணை கூறியது.

நம் தமிழ் மேடை மட்டும் என்னவாம்? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளிலும் பையன்கள்தான் ஸ்திரீ பார்ட் போட்டார்கள். பிறகு 1949இல் இதே ஷேக்ஸ்பியர் கதை 'கன்னியின் காதலி' என்ற தமிழ்த் திரைப்படமாக வந்தபோது, கதாநாயகியாக நடித்தவர் மாதுரி தேவி. கவியரசு கண்ணதாசன் திரைக்கு முதன்முதலாகப் பாட்டு எழுதியதும் அந்தப் படத்துக்குத்தான்.

பெற்றோர்களே! பள்ளி நாடகத்தில் உங்கள் மகளுக்கு ஒரு வேடம் கிடைத்தால், 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நாடகம்?' என்று தடுத்துவிடாதீர்கள். வயோலா மாறுவேடத்தில் பேசியதை நம் பிள்ளைகள் சொந்த முகத்தோடு பேசட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க கலை!