வெறுங்காலும் சப்பாத்தும்: மொஹமடன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களின் ஞாபகம்

உதைபந்தாட்ட ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், நேற்று நடந்த ஆட்டத்தைப் பற்றிப் பத்து நிமிஷம்தான் பேசுவார்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாகப் பின்னுக்குப் போய்விடும். “அந்த டீமப் போல இனி ஒரு டீம் வருமா?” என்பார் ஒருவர். “அந்த மனேஜர் இருக்கும் மட்டும் கழகத்துக்கு ஒரு குறையும் இல்ல” என்பார் இன்னொருவர். பிறக்கு முன்னே நடந்த ஆட்டத்தின் கோலைக் கூட, வாப்பா சொன்னதை வைத்துக்கொண்டு நேரில் கண்டவர் மாதிரி விவரிப்பார்கள். இதைப் பழம்பெருமை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். தமிழ் படித்தவன் என்ற வகையில் எனக்கு இது வாய்மொழி வரலாறாகத்தான் தெரிகிறது. நாட்டார் கதைகளை நாம் எப்படிச் சேகரிக்கிறோமோ, எப்படிக் கேள்வி கேட்டு வாசிக்கிறோமோ, அப்படியே இதையும் வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கத்தக்க ஒரு கழகம் கல்கத்தாவின் மொஹமடன் ஸ்போர்ட்டிங்.

1891இல் தோன்றிய கழகம் அது. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. பிரித்தானியப் படையணிகளும் ஐரோப்பியரின் கழகங்களுமே அந்தக் கிண்ணத்தை மாறி மாறி எடுத்துக்கொண்டிருந்தன. மொஹமடன் 1933இல் இரண்டாம் பிரிவில் வென்று முதற் பிரிவுக்கு ஏறியது. ஏறிய முதல் வருஷமே, 1934இல், லீக் கிண்ணத்தையும் எடுத்தது. அதை வென்ற முதலாவது இந்தியக் கழகம் அதுதான். ஒரு தடவையோடு நிற்கவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் கிண்ணம் அவர்களிடமே இருந்தது. 1936இல் ஐ.எப்.ஏ. கேடயமும் கிடைத்தது. 1940இல் டில்லியில் நடந்த டியூரண்ட் கிண்ண இறுதியாட்டத்தில் றோயல் வொரிக்‌ஷையர் படையணியை 2-1 என்று தோற்கடித்து, அந்தக் கிண்ணத்தை வென்ற முதலாவது இந்தியக் கழகம் என்ற பேரையும் எடுத்தது.

அப்பாஸ் மிர்சா, உஸ்மான் ஜான், ஜும்மா கான், நூர் முஹம்மத், றஷீத், றஹீம், சலீம் என்று அந்த அணியின் பெயர்களைக் கல்கத்தா ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக அடுக்கி வந்திருக்கிறார்கள். கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம் கூட அந்த வெற்றியைப் பாராட்டிக் கவிதை எழுதினார். ஆரம்பத்தில் ஆங்கிலேயரை அடித்த அணி என்று மற்றச் சமூகத்தவர்களும் சேர்ந்து மகிழ்ந்தார்கள். வங்காள அரசியல் சூடேற ஏற, அதே வெற்றி ஒரு தரப்பின் வெற்றியாகவும் மறு தரப்பின் மனத்தாங்கலாகவும் மாறிப்போனது.

எப்படி வென்றார்கள் என்று கேட்டால் ரசிகர் பேச்சு ஒரே விடையைத்தான் தரும்: வீரம், ஈமான், சமூகத்தின் துஆ. அவற்றை நான் மறுக்க வரவில்லை. ஆனால் இரண்டு சாதாரணக் காரணங்களும் இருந்தன. கல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடப்பது. மைதானம் சேறாகிவிடும். இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் அப்போது வெறுங்காலுடன்தான் ஆடினார்கள். 1911இல் கிழக்கு யோர்க்‌ஷையர் படையணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தை எடுத்த மோகன் பகான் அணியில் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்தான். காய்ந்த தரையில் அது பெரிய குறையில்லை; சேற்றில் வழுக்கும். மொஹமடன் நிர்வாகிகள் இதை யோசித்தார்கள். ஈரமான நாட்களில் சப்பாத்துப் போட்டு ஆட வீரர்களைப் பழக்கினார்கள். இது முதலாவது காரணம்.

இரண்டாவது, ஆள் சேர்த்த விதம். உள்ளூர்ப் பிள்ளைகளோடு நின்றுவிடாமல், பெங்களூர் போன்ற தெற்கு நகரங்களிலிருந்தும், வடமேற்கு எல்லைப் பக்கத்திலிருந்தும் வீரர்களைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ஒரு நகரத்தின் கழகம் ஒரு துணைக்கண்டத்தின் கழகமானது அப்படித்தான். இதற்குப் பின்னால் கடிதம் எழுதியவர், ரயில் ரிக்கற் எடுத்தவர், தங்க இடம் பார்த்தவர், சப்பாத்து வாங்கக் காசு சேர்த்தவர் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ரசிகர் ஞாபகத்தில் அவர்களுக்கு இடமில்லை. கோல் அடித்தவனைத்தான் ஞாபகம் பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை. சப்பாத்துப் போட்டு வென்ற இந்தக் கழகத்தை இன்று உலகம் அறிந்திருப்பது ஒரு வெறுங்கால் வீரரால். அவர்தான் முஹம்மத் சலீம். 1936இல் உறவினர் ஒருவருடன் கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போனார். கிளாஸ்கோ நகரின் செல்ட்டிக் கழகத்துக்கு அப்போது வில்லி மேலி முகாமையாளர். 1897 முதல் அந்தக் கதிரையில் இருந்தவர். வெறுங்காலுடன் ஆடும் ஒருவரைப் பரீட்சித்துப் பார்க்க அவர் சம்மதித்தார். செல்ட்டிக்கின் பயிற்சியாளர் ஜிமி மக்மெனமி சலீமின் பாதங்களுக்கு பண்டேஜ் சுற்றும் படம் இன்றும் இருக்கிறது. செல்ட்டிக் அணிக்காக சலீம் ஆடியது இரண்டே ஆட்டங்கள். கோல்ஸ்டன் அணியை 7-1 என்று வென்ற ஆட்டத்துக்குப் பிறகு, பத்திரிகைகள் அவரை மாயவித்தைக்காரர் போலக் கொண்டாடின. செல்ட்டிக் அவரை நிறுத்தி வைக்க விரும்பியது. ஊர் ஞாபகம் விடவில்லை. சலீம் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

சலீம் பற்றி ரசிகர்கள் சொல்லும் ஒரு கதையை இங்கே எடுத்துக்கொள்வோம். அவரை மறித்து வைப்பதற்காகச் செல்ட்டிக் ஒரு தர்ம ஆட்டம் வைப்பதாகவும், வாசல் வசூலில் நூற்றுக்கு ஐந்து தருவதாகவும் சொன்னதாம். தன் பங்கை அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதாக சலீம் வாக்குக் கொடுத்தாராம். எண்ணிப் பார்த்தால் அந்தப் பங்கு 1,800 பவுண். சலீம் திகைத்துப் போனாலும் வாக்கு மாறவில்லையாம்.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு ஐந்து 1,800 என்றால் மொத்த வசூல் 36,000 பவுண். ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று வைத்தால், ஒரு பவுணுக்கு இருபது ஷில்லிங் என்ற அந்தக் காலக் கணக்கில், ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேர் வந்திருக்க வேண்டும். இரண்டு ஷில்லிங் என்றாலும் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் பேர். 1937இல் கிளாஸ்கோவின் ஹம்டன் பார்க் மைதானத்தில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியபோது திரண்ட பெருங்கூட்டமே 1,49,415 பேர்தான். ஆக, அந்தத் தொகை நிற்காது.

தொகை நிற்காவிட்டால் கதையைத் தூக்கி எறிவதா? அங்கேதான் கவனம் வேண்டும். வாய்மொழிக் கதை எண்ணில் பிழைவிடும். எதைப் பெரிதாக மதித்தோம் என்பதில் பிழைவிடாது. ஒரு வீரனைப் பெரியவனாக்க நினைத்தபோது, அவன் வாங்கிய சம்பளத்தை அந்தச் சமூகம் சொல்லவில்லை. யதீம்களுக்குக் கொடுத்ததைச் சொன்னது. அந்தக் கதை செல்ட்டிக் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களின் கழகம் அது. 1887இல் சகோதரர் வோல்பிரிட் என்ற துறவி அதை ஆரம்பித்ததே, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்குக் காசு சேர்க்கத்தான். பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த கழகத்துக்கு, அனாதைகளுக்குக் கொடுத்தவரின் கதை அந்நியமாக இருக்குமா?

இன்னொரு கதை இதைவிடச் சிறியது, ஆனால் கனமானது. சலீம் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவருடைய மகன் செல்ட்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். காசு கேட்பது தன் நோக்கமல்ல, வாப்பாவின் பெயர் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிவதே நோக்கம் என்று பிற்பாடு சொன்னார். பதில் வந்தது. கூடவே நூறு பவுணுக்கு ஒரு பணவோலையும் வந்தது. அந்தக் குடும்பம் அதை மாற்றவில்லை, அப்படியே வைத்துக்கொண்டது. சலீம் 1980இல் மௌத்தானார். இரண்டு ஆட்டம் ஆடிய ஒருவரை நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கடல் கடந்த ஒரு கழகம் மறக்காமல் இருந்தது. அந்தக் கடதாசியின் பெறுமதி நூறு பவுண் அல்ல.

செல்ட்டிக் ரசிகர்கள் தங்கள் முகாமையாளர்களைப் பேசும் முறையும் நமக்குப் பாடமானது. அவர்களுடைய பேச்சின் உச்சியில் இருப்பவர் ஜொக் ஸ்டீன். மேலிக்குப் பின் வந்தவர்களும் கத்தோலிக்கர்களே. 1965இல் பொறுப்பேற்ற ஸ்டீன்தான் முதலாவது புரட்டஸ்தாந்து முகாமையாளர். சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். மதப் பிளவு தெருவுக்குத் தெரு தெரிந்த நகரத்தில் இது சின்ன விசயமல்ல. 1967 மே 25இல் லிஸ்பனில் இன்ரர் மிலானை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அன்று ஆடிய பதினொரு பேரும் செல்ட்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். 1966 முதல் 1974 வரை ஒன்பது லீக் வெற்றி தொடர்ச்சியாக. ‘நம்மட ஆள்’ என்று அந்த ரசிகர்கள் முதலில் சொல்லும் முகாமையாளர், அவர்கள் கோயிலுக்குப் போகாதவர்.

மொஹமடனின் கதையிலும் இந்த ‘நம்மட ஆள்’ விரிந்துகொண்டே போனது. அதற்கு முன் ஒரு முறிவு வந்தது. 1947இல் நாடு பிளந்தபோது, வீரர்களும் ஆதரவாளர்களும் பலர் எல்லைக்கு அப்பால் போனார்கள். அந்த வருஷம் லீக்கே நடக்கவில்லை. போனவர்கள் டாக்காவில் ஞாபகத்தைச் சுமந்தார்கள். இருந்தவர்கள் கல்கத்தாவில் சுமந்தார்கள். ஒரே அணியின் கதை இரண்டு நாட்டுக் கதையானது. ஆட்கள் குறைந்து, நெஞ்சும் உடைந்திருந்த கழகம் 1948இல் மறுபடி லீக்கை வென்றது. ஐந்து தொடர் வெற்றியைவிட எனக்கு இந்த ஒற்றை வெற்றிதான் பெரிதாகப் படுகிறது. 1960இல் அதே டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தை எடுத்தபோது, மைதானத்தில் இருந்த பழைய கல்கத்தாக்காரர்கள் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்கள்?

முப்பதுகளின் அணிகள் முஸ்லிம் வீரர்களைக் கொண்டே அமைந்தவை. பிறகு அது மாறியது. 1980இல் ஈஸ்ட் பெங்காலிலிருந்து சுரஜித் சென்குப்தா போன்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருஷம் லீக் கிண்ணம். எண்பதுகளில் ஈரானிய வீரர்களான மஜீத் பிஸ்கரும் ஜம்ஷித் நஸிரியும் ஆடினார்கள். நைஜீரியாவின் சீமா ஒகோரி இந்தியாவில் முதலில் போட்டது மொஹமடன் ஜேர்சியைத்தான். அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. 1981க்குப் பின் நாற்பது வருஷம் கழித்து, 2021 நவம்பரில், றெயில்வே அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் ட்ரினிடாட்டின் மார்க்கஸ் ஜோசப் அடித்த ஒரே கோலில் லீக் கிண்ணம் திரும்பி வந்தது. 2022இலும் 2023இலும் மீண்டும் வென்றார்கள். 2024 ஏப்ரலில் ரஷ்யரான அந்திரே செர்னிஷோவ்வின் பயிற்றுவிப்பில் ஐ-லீக் கிண்ணமும் வந்து, மேல் பிரிவுக்கு ஏறினார்கள். ஏறிய பருவத்தின் நடுவில் செர்னிஷோவ் போய்விட்டார். அணி கடைசி இடத்தில் முடித்தது. 1934இல் ஏறியவுடன் வென்ற கழகம், தொண்ணூறு வருஷம் கழித்து ஏறியவுடன் கீழே கிடந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்பாஸ் மிர்சாவின் பெயருக்கு அருகில் மார்க்கஸ் ஜோசப்பின் பெயரும் வரும் பட்டியல் அது. சமூகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு கழகம், பிறருக்குக் கதவைத் திறந்ததால் தன் பெயரை இழந்துவிடவில்லை. ரசிகர் ஞாபகம் எந்தத் தீர்மானமும் நிறைவேற்றாமல் அவர்களையும் உள்ளே எடுத்துக்கொண்டது.

நமது ஊர்களிலும் கழகங்கள் உண்டு. பள்ளிக்குப் பக்கத்து வெளியில், கடற்கரை மணலில், வயல் காய்ந்த காலத்தில் ஆடிய அணிகளைப் பற்றி அசருக்குப் பின் பேசுகிற காக்காமார் இன்னும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் கழகக் கொப்பிகளையும் குழுப்படங்களையும் தூக்கிக்கொண்டா வந்தார்கள்? ஞாபகத்தை மட்டும்தான் கொண்டுவந்தார்கள். அந்த ஞாபகத்துக்குச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மாணவர்களை அனுப்பி இவற்றை எழுதி எடுப்பது பெரிய செலவுள்ள வேலையல்ல. கேட்கும் முறைதான் முக்கியம். யார் கோல் அடித்தார் என்று கேட்டால் விடை தயாராக இருக்கும். கூடவே இதையும் கேட்க வேண்டும்: பந்து வாங்கக் காசு தந்தது ஆரு? ஜேர்சி தைத்தது ஆரு? பக்கத்து ஊர் தமிழ்ப் பொடியன்களோ சிங்களப் பொடியன்களோ உங்களோடு ஆடினாங்களா? தோத்த ஆட்டங்கள் என்ன? முதல் கேள்வி வெறுங்கால் வீரனைக் கொண்டுவரும். சப்பாத்தைக் கொண்டுவருவது மற்றக் கேள்விகள்தான். நமக்கு இரண்டும் வேண்டும்.