ஏழு நாட்கள், நான்கு நகரங்கள்

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து பழைய நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒருகாலத்தில் என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் பணியாற்றியவர். இலண்டனில் உறவினர் திருமணமொன்றுக்கு வரவிருக்கிறார். திருமணம் முடிந்தபின் அவர் கையில் ஏழு நாட்கள் மிஞ்சும்.

"ஐரோப்பாவின்ரை பழைய நகரங்களை ஒருக்காலாவது பாத்திட வேணும் எண்டு கனகாலத்து ஆசை. பாரிஸ், ரோம், வெனிஸ், வியன்னா, பிராக் எண்டு ஒரு பட்டியல் வைச்சிருக்கிறன். எதை விடுறது எண்டுதான் தெரியேல்லை," என்றார்.

அவருடைய பட்டியலில் உள்ள எந்த நகரத்தையும் குறைத்துச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் ஏழு நாட்களில் ஐந்து நகரங்கள் என்றால், விமான நிலையங்களிலும் தங்குவிடுதி வாசல்களிலும் கழியும் நேரம் போக மிச்சமிருப்பது புகைப்படம் எடுக்க மட்டுமே போதும். ரோமாபுரி ஒன்றுக்கே ஏழு நாட்கள் போதா. குறுகிய பயணத்துக்கு நகரங்களைத் தெரிவு செய்வதற்கு முன்னர், அவற்றிடம் நாம் கேட்கப்போகும் கேள்வியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தரக்கூடிய நகரங்கள் அருகருகே இருந்தால் அதுவே நல்ல பயணம்.

ஊரை இழந்தும் பிரிந்தும் வாழும் எம்மவருக்கு நான் பரிந்துரைக்கும் கேள்வி இதுதான்: ஒரு நகரம் எதனால் செழிக்கிறது, எதனால் வீழ்கிறது, வீழ்ந்தபின் எழுகிறதா? இக்கேள்வியை எடுத்துச் செல்ல, பெல்ஜியத்தில் மூன்றும் நெதர்லாந்தில் ஒன்றுமாக நான்கு நகரங்கள் உள்ளன. புரூஜ், அன்ட்வேர்ப், ஆம்ஸ்டர்டாம், லூவன். பிரசல்ஸிலிருந்து புரூஜுக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். லூவனுக்கு அரை மணி நேரம். அன்ட்வேர்ப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். இலண்டனிலிருந்து கடலடிச் சுரங்கப்பாதை ரயிலில் பிரசல்ஸ் போய்ச் சேர்ந்தால், பிறகு விமானம் ஏறவேண்டிய தேவையே இல்லை.

முதல் இரண்டு நாட்களைப் புரூஜுக்குக் கொடுக்கலாம். கால்வாய்கள், செங்கல் வீடுகள், 83 மீற்றர் உயரமான மணிக்கோபுரம் என மத்தியகால நகரமொன்று அப்படியே நிற்கிறது. 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதன் பழைய நகர்ப்பகுதியை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. கோபுரத்தின் 366 படிகளையும் ஏறிக் கீழே பார்ப்பவருக்கு, இந்நகரம் மட்டும் எப்படி மாறாமல் இருந்தது என்ற ஐயம் எழவேண்டும். அதன் விடை துயரமானது. புரூஜ் மாறாதிருந்தமைக்குக் காரணம் அதன் வறுமையே.

1134 ஆம் ஆண்டின் கடற்பெருக்கு கரையை அறுத்து ஸ்வின் என்ற நீர்வழியைத் திறந்துவிட்டது. அதன் வழியே கப்பல்கள் வந்தன. இங்கிலாந்தின் கம்பளி வந்திறங்கியது. பிளாண்டர்ஸ் நெசவாளரின் துணி ஏற்றுமதியானது. ஜெனோவா, வெனிஸ், புளோரன்ஸ் வணிகரும் வடஜேர்மன் வணிகச் சங்கத்தாரும் இங்கே தத்தமது மனைகளை அமைத்துக்கொண்டனர். வான் டெர் பேர்ஸ் என்ற குடும்பத்தினரின் சத்திரத்தருகே வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய வழக்கத்திலிருந்தே, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பங்குச் சந்தைக்கு 'பூர்ஸ்' என்ற பெயர் உண்டாயிற்று என்பர்.

வாழ்வு தந்த நீர்வழியிலேயே காலப்போக்கில் மணல் சேர்ந்தது. பெரிய கப்பல்கள் வருவது குறைந்தது. இயற்கை செய்தது பாதி. மீதியை அரசியல் செய்தது. 1488 இல், பின்னாளில் புனித ரோமப் பேரரசரான மக்சிமிலியனைப் புரூஜ் நகரத்தார் பல வாரங்கள் சிறைவைத்தனர். விடுதலை பெற்றவர் பழியை மறக்கவில்லை. அந்நிய வணிகர் அனைவரும் அன்ட்வேர்ப்புக்கு இடம்பெயர வேண்டுமெனப் பணித்தார். அவர்களுள் பலர் போனார்கள்; பழைய செழிப்பு திரும்பி வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் வறிய நகரங்களுள் ஒன்றாகப் புரூஜ் இருந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட அங்கே எவரிடமும் பணமில்லை. இன்று நாம் காசு கொடுத்துப் பார்க்கும் அழகு அந்த வறுமையின் மிச்சம்.

வணிகரைப் பின்தொடர்ந்து நாமும் அன்ட்வேர்ப் செல்வோம். 1501 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரின் வாசனைத் திரவியக் கப்பல் ஷெல்ட் நதி வழியே இந்நகரை அடைந்தது. மலையாளக் கரையிலிருந்து லிஸ்பனுக்குப் போன மிளகு, அங்கிருந்து வட ஐரோப்பாவுக்குப் பரவியது இந்தத் துறைமுகத்தின் வழியாகவே. 1531 இல் எல்லா நாட்டு வணிகருக்குமென ஒரு வாணிப மண்டபம் திறக்கப்பட்டது. 1560 களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் இங்கு வாழ்ந்தனர்.

பத்திரிகைத் தொழிலில் ஆயுளைக் கழித்தவர் இங்கே ஓரிடத்தைத் தவறவிடக் கூடாது. பிரான்சில் பிறந்து அன்ட்வேர்ப்பில் குடியேறிய கிறிஸ்தோப் பிளாந்தின் 1555 அளவில் தொடங்கிய அச்சுக்கூடம் இன்று அரும்பொருட்காட்சியகமாக உள்ளது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுப்பொறிகள் இரண்டு இங்கே நிற்கின்றன. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், சிரியாக் முதலிய மொழிகளில் எட்டுத் தொகுதிகளாக அமைந்த பன்மொழி விவிலியம், 1568 முதல் 1573 வரையான காலத்தில் இவ்வச்சுக்கூடத்திலேயே உருவானது. ஈய எழுத்துக் கோத்த காலத்தை நேரில் கண்ட என் போன்றோருக்கு அந்த எழுத்துப் பெட்டிகளின் முன்னால் நிற்பது கோயிலில் நிற்பது போன்றது.

இந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. 1576 நவம்பரில், சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படையினர் நகரைச் சூறையாடி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றனர். 1585 ஓகஸ்டில், ஓராண்டுக்கும் மேற்பட்ட முற்றுகைக்குப் பின் நகரம் ஸ்பானியத் தளபதி பார்மாவிடம் சரணடைந்தது. புரட்டஸ்தாந்தினருக்கு நான்கு ஆண்டுகள் தவணை தரப்பட்டது: கத்தோலிக்கராக மாறுங்கள், அல்லது சொத்துகளை விற்றுவிட்டு வெளியேறுங்கள். நெசவாளர், பொற்கொல்லர், அச்சிடுவோர், வணிகர் எனச் சாரிசாரியாக மக்கள் வெளியேறினர். தவணை முடிந்தபோது முன்னிருந்த சனத்தொகையில் பாதிக்கும் குறைவானோரே எஞ்சியிருந்தனர். வடக்கே எழுந்த ஒல்லாந்துக் குடியரசு ஷெல்ட் நதியின் வாயை அடைத்தது. அந்த நதி கப்பல்களுக்கு மீண்டும் திறந்தது 1795 இல்தான்.

வெளியேறியோர் எங்கே போனார்கள்? அவர்களுள் பெருந்தொகையானோரை ஏற்ற நகரம் ஆம்ஸ்டர்டாம். எனவே நான்காம் நாளிலிருந்து நமது ரயிலும் அங்கேயே போகட்டும்.

மீன்பிடிக்கும் தானிய வணிகத்துக்கும் பெயர்பெற்றிருந்த ஆம்ஸ்டர்டாம், அகதிகளின் பணத்தையும் தொழில் அறிவையும் தொடர்புகளையும் பெற்று இரண்டு தலைமுறைக்குள் உலக வணிகத்தின் தலைநகராயிற்று. 1602 இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கியபோது அதன் மிகப் பெரிய பங்குதாரர்களுள் ஒருவரான ஐசாக் லெமேர், அன்ட்வேர்ப்பிலிருந்து வந்தவரே. ஐபீரியத் தீபகற்பத்தில் மதவிசாரணைக்குத் தப்பிய யூதர்களும் இங்கே அடைக்கலம் பெற்றனர். 1675 இல் அவர்கள் திறந்த பிரமாண்டமான தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தில் நாமும் வருகிறோம். கால்வாயோரத்து உயர்ந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் இலங்கையின் கறுவாவுக்கும் பங்குண்டு. அக்கம்பனி 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. யாழ்ப்பாணத்தில் மதகுருவாகப் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றி எழுதிய பெருநூல் 1672 இல் ஆம்ஸ்டர்டாமிலேயே வெளிவந்தது. தமிழ் எழுத்துகளின் வடிவங்களும் அதில் இடம்பெற்றன. தம் நாட்டில் அகதிக்கு இடம் கொடுத்த அதே மக்கள், கடல்கடந்து வந்து அடிமை வாணிபமும் செய்தார்கள், எங்கள் கோயில்களையும் ஒடுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

அடைக்கலம் என்றென்றைக்கும் உரியதல்ல என்பதையும் இந்நகரமே சொல்கிறது. பிரின்சென்கிராக்ட் கால்வாயோரத்தில் 263 ஆம் இலக்கக் கட்டடம் உள்ளது. ஜேர்மனியிலிருந்து தப்பி வந்த ஆன் பிராங்க் குடும்பத்தினர் 1942 ஜூலை முதல் 1944 ஓகஸ்ட் 4 அன்று பிடிபடும்வரை இங்கேதான் ஒளிந்திருந்தனர். நெதர்லாந்தில் வாழ்ந்த யூதர்களில் நான்கில் மூன்று பங்கினர் நாசிகளால் அழிக்கப்பட்டனர். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும், வாசலில் கிடைக்காது.

இறுதி நாளில் திரும்பும் வழியில் லூவனில் இறங்குமாறு நண்பரிடம் சொன்னேன். குறுகிய பயணத் திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் நகரம் இது. 1425 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இங்குண்டு. 1914 ஓகஸ்ட் 25 இரவு ஜேர்மன் படையினர் அதன் நூலகத்துக்குத் தீ வைத்தனர். சுமார் மூன்று இலட்சம் நூல்கள் சாம்பலாயின. போருக்குப் பின் அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய நூலகம் எழுந்து 1928 இல் திறக்கப்பட்டது. 1940 மே மாதத்தில் அதுவும் எரிந்தது. இம்முறை அழிந்தவை சுமார் ஒன்பது இலட்சம். மீண்டும் கட்டினார்கள்.

1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த இரவை மறவாத எவருக்கும் அந்தக் கட்டடத்தின் முன் நிற்கும்போது விளக்கவுரை தேவைப்படாது.

அந்நூலகம் இன்னொரு சோதனையையும் சந்தித்தது. 1960 களில் டச்சு மொழி பேசுவோருக்கும் பிரெஞ்சு மொழி பேசுவோருக்குமிடையே மூண்ட மொழிப் பிணக்கு, 1968 இல் பெல்ஜிய அரசாங்கத்தையே கவிழ்த்தது. பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. நூல்களைப் பங்கிடும்போது ஒற்றை இலக்கமிட்டவை ஒரு பக்கத்துக்கும் இரட்டை இலக்கமிட்டவை மறுபக்கத்துக்கும் போயின. உலகம் கேட்டுச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழிப் பிணக்கை அந்த நாடு நூல்களை எண்ணியும், அரசியலமைப்பைப் படிப்படியாகத் திருத்தியும், 1993 இல் சமஷ்டி என்று எழுதியும் தீர்க்க முயன்றது. பிணக்கு இன்னும் முடியவில்லை, பேச்சும் முடியவில்லை. ஆனால் எவரும் ஊரை விட்டு ஓடவில்லை.

நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப ஈபிள் கோபுரம்?" என்றார்.

"அது அங்கைதான் நிக்கும். அடுத்த முறை பாக்கலாம்," என்றேன்.

அவர் வாழும் ரொறன்ரோவும் அகதிகளை ஏற்று வளர்ந்த நகரமே. அன்ட்வேர்ப்பிலிருந்து 1585 இல் மூட்டை கட்டியவர்களின் முகத்தை அவர் கண்ணாடியில் பார்த்திருப்பார். அவர்கள் கைவிட்ட வீதிகளில் ஒரு பகலாவது நடந்து பார்த்துவிட்டு அவர் எழுதப்போகும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.