உதறினால்தான் இறங்கும் பாதரசம்

பழைய கண்ணாடி தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்த பிறகும் பாதரசம் ஏறிய இடத்திலேயே நிற்கும். உதறினால்தான் இறங்கும். ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?

கொஞ்சம் பின்னாடி போவோம்.

ஓபியில் தினமும் கேட்கிற வார்த்தை: "தொட்டா கொதிக்குது டாக்டர்." ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் டம்ளரும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனா தொட்டால் டம்ளர் மட்டும் ஜில்லுனு இருக்கும். உலோகம் நம் கைச்சூட்டை வேகமா இழுத்துக்கொள்வதால் வரும் ஏமாற்று அது. அதே கையை வைத்துத்தான் பல நூறு ஆண்டுகள் மருத்துவர்கள் காய்ச்சல் பார்த்தார்கள்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ, காற்று அடைத்த கண்ணாடிக் குமிழை நோயாளியின் வாயில் வைத்துப் பார்த்தார். சூட்டில் காற்று விரிய, குழாயில் நீர்மட்டம் நகரும். பிரச்சினை என்னன்னா, வெளியில் காற்றழுத்தம் மாறினாலும் அது நகரும். மழை வந்தாலே "காய்ச்சல்" மாறிடும்!

1714-ல் ஃபாரன்ஹீட் பாதரசத்தைக் கையில் எடுத்தார். சூட்டில் குமிழின் கண்ணாடியும் விரியும், ஆனால் பாதரசம் அதைவிட ஏறக்குறைய 7 மடங்கு விரியும். அந்த வித்தியாசம்தான் தலைமுடி போன்ற மெல்லிய குழாயில் ஏறி நமக்குத் தெரிகிறது. கருவியின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான்.

அப்புறமும் 150 வருஷம் வார்டுக்குள் அது சரியா வரலை. ஒரு அடி நீளக் கருவியை 20 நிமிஷம் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? 1860-களில் இங்கிலாந்தின் ஆல்பட் அதை 6 அங்குலமாகச் சுருக்கி, நேரத்தை 5 நிமிஷமாக்கினார்.

உதறுகிற கதைக்கு வருவோம். குமிழுக்கு மேலே குழாயில் ஒரு இடுக்கு இருக்கும். சூட்டில் விரியும் பாதரசம் அதைத் தாண்டி மேலே போயிடும். குளிர்ந்து சுருங்கும்போது அந்த இடுக்கில் அறுந்து, மேலே உள்ள பகுதி அப்படியே நின்றுவிடும்.

கண்ணாடிதான் ரொம்ப படுத்தியது. சூடாகி ஆறிய குமிழ் உடனே பழைய அளவுக்குத் திரும்பாது. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே இருக்கும். குமிழ் சுருங்கினால் பாதரசம் மேலே தள்ளப்படும், அளவு கூடுதலாகக் காட்டும். இதைச் சரிசெய்யத்தான் 1880-களில் ஜெர்மனியின் யெனா நகரில் ஓட்டோ ஷாட் தெர்மாமீட்டருக்கென்றே தனிக் கண்ணாடி உருவாக்கினார்.

இப்போ 98.6-க்கு வாங்க. அதைப் பிரபலமாக்கியது வுண்டர்லிக் 1868-ல் வெளியிட்ட புத்தகம். சுமார் 25,000 நோயாளிகளின் அக்குளில் அளந்தவர், பிரமாண்டமான உழைப்பு. ஆனால் ஷாட்டின் கண்ணாடி வருவதற்கு முந்தைய காலம் அது. அவருடையதாகச் சொல்லப்படும் ஒரு தெர்மாமீட்டரைப் பின்னாளில் சோதித்தபோது 1 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. 1992-ல் ஆரோக்கியமானவர்களிடம் அளந்த சராசரி 98.2 தான்.

அதனால 97.5 காட்டினால் "உள்காய்ச்சலா டாக்டர்?"னு பயப்படாதீங்க. சாயங்காலம் 99 காட்டுவதும் சகஜம். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, பால் குடிக்காமல் இருந்தாலோ, நம்பர் எதுவாக இருந்தாலும் கூட்டிட்டு வாங்க. 3 மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு 100.4 காட்டினால் அன்றைக்கே காட்டணும்.

வீட்டில் இன்னும் பாதரச தெர்மாமீட்டர் இருந்தால் வெந்நீரில் கழுவாதீங்க. அளவுகோல் 42 டிகிரி செல்சியசோடு முடிந்துவிடும். அதுக்கு மேல் விரியும் பாதரசத்துக்குப் போக இடமில்லாமல் கண்ணாடி வெடிக்கும். உடைந்தால் ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிடுங்க. துடைப்பம் வேண்டாம், உருண்டைகள் இன்னும் சிதறும். கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் போடுங்க. அதுக்கு முன்னாடி தங்க மோதிரத்தைக் கழற்றி வச்சிடுங்க, பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.