பலகைத் தரையில் மறைந்த ஆணி

அமெரிக்காவின் பழைய பலகைத் தரைகளில் கொல்லர் அடித்த ஆணிகளின் தலை மேலேயே தெரியும். 1795இல் ஜேக்கப் பெர்கின்ஸ் ஆணி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆணி மலிந்தது, தலை மறையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு விளிம்பில் நாக்கும் எதிர் விளிம்பில் அது பொருந்தும் காடியும் கொண்ட பலகைகளை இயந்திரங்கள் செதுக்கித் தள்ளியபோதுதான் அது மாறியது. நாக்கின் மேல்மூலையில் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இறங்கும் ஆணியை அடுத்த பலகையின் காடி மூடிவிடும். அழகான ஏற்பாடு, ஆனால் முட்டிபோட்டுச் சுத்தியல் பிடிப்பவருக்குக் கடும் உழைப்பு. ஓர் அடி பிசகினால் பலகையின் விளிம்பே நசுங்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய தரை ஆணிக்கருவி அந்தச் சாய்வைத் தன் அடித்தட்டிலேயே வைத்திருந்தது. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் போதும், பலகையும் நெருங்கிப் பொருந்தும். பிறகு அழுத்தக்காற்று அடியின் பாரத்தையும் குறைத்தது. கருவியில் எதை இட்டு அடிப்பது என்பதும் முக்கியம்: மரம் ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்குவதால், முக்கால் அங்குலப் பலகைக்கு மலிவான ஸ்டேப்பிளைவிட, சற்றே வளைந்துகொடுத்தும் பிடி விடாத, பல்வெட்டுள்ள கிளீட் ஆணியே ஏற்றது.