அழகியபாண்டியபுரத்து ஓலைகள்

நாஞ்சில் நாட்டின் மலையோரத்து ஊரான அழகியபாண்டியபுரத்தில் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தாரிடம் ஓலைக் கட்டுகள் இருந்தன. வேணாட்டு அரசரின் ஆணையான நீட்டு, வரிக்கணக்கு, நிலப் பத்திரம், ஆளை விலைபேசிய அடிமை ஓலை, வரிக்கொடுமை தாங்காமல் நாட்டார் கூடி எடுத்த முடிவு எல்லாம் எழுத்தாணியால் கீறப்பட்டு அவற்றில் கிடந்தன.

பனையோலை சாகாவரம் பெற்றதல்ல. நன்றாகப் பேணினால் இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் நாஞ்சில் நாட்டில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஆனாலும் ஓலை மெல்லத்தான் சாகும். ஓரம் முறியும், பூச்சி துளையிடும்; மிஞ்சிய எழுத்தைக் கொண்டு விட்டுப்போனதை ஊகிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் டிஸ்கின் 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கின. அதைவிடப் பல மடங்கு அடக்க, இன்று எழுத்தைப் படிக்கும் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 10 நானோமீட்டர்கூட இல்லை. தலைமயிரின் தடிமனோ 80,000 நானோமீட்டர் அளவு. ஹெட் உரசினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், அதோடு பத்து வருடக் கல்யாண வீடியோவும் போகும். 2013 முதல் தரவுச் சேமிப்பு நிறுவனமான பேக்பிளேஸ் வெளியிட்டுவரும் கணக்கில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, ஒன்றரை டிஸ்க் பழுதாகிறது. குறைவுதான். அந்த ஒன்று நம் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவே.

மீண்டும் ஓலைக்கு வருவோம். 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை முதலியார் வீட்டு ஓலைகளைப் படித்துக் காகிதத்தில் பெயர்த்தெழுதினார். குழந்தைப் பாட்டுக்காக அவரைக் கொண்டாடும் நாம் இந்த உழைப்பை அதிகம் பேசுவதில்லை. கொல்லம் ஆண்டுக் கணக்கும் பழைய எழுத்தும் பின்ன எண்களும் தெரியாதவர் கையில் முழு ஓலையும் வெறும் ஓலைதான். இன்று பிளாப்பி கிடைத்தால் போட்டுப் பார்க்கக் கருவி தேட வேண்டியிருக்கிறதே, அதுபோல. கவிமணி பெயர்த்தவற்றில் சில ‘கேரள சொசைட்டி பேப்பர்ஸ்’ இதழில் அச்சாயின. பின்னர் அ.கா. பெருமாள் ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாகவே பதிப்பித்தார்.

ஓலையிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து அச்சு. ஒரே வீட்டில் இருந்த சங்கதி இப்போது பல ஊர் நூலகங்களில் இருக்கிறது. ஒரு பரணில் கறையான் ஏறினால் இன்னொரு ஊருக்குப் பஸ் பிடித்துப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.